ஈரத்துணி

இந்த வாரம் ஒரு புத்தக விமர்சனம். கடையில் போய்க் கேட்காதீர்கள். கிடைக்காது. விலையும் கிடையாது. இணையத்தில் சும்மாவே இறக்கிக்கொள்ளலாம். 2007ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் டெல்லியில் வெளியானது. எழுதியது தனி ஆசாமி இல்லை. அதிகாரிகள், விஞ்ஞானிகள், டாக்டர்கள், ஆலை நிபுணர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே உட்கார்ந்து எழுதியிருக்கிறது. வெளியிட்டது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம். தொழிற்சாலைகளில் ரசாயன விபத்து நடந்தால் இந்த தேசம் என்ன செய்யவேண்டும், நடப்பதற்கு முன்னால் எப்படித் தயாராக இருக்கவேண்டும் என்று சொல்லுகிற வழிகாட்டி நூல்.

அடுத்த பக்கத்துக்குத் தாவப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் என்னென்ன ரசாயனம், எங்கெங்கே இருக்கிறது?

தெரியாதல்லவா? பக்கத்தில் ஐஸ் ஃபாக்டரி இருந்தால் பெரும்பாலும் அமோனியா இருக்கும். மீனும் காய்கறியும் அடுக்கிவைக்கிற குளிர்பதனக் கிடங்கிலும் அநேகமாக அதுவேதான். குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் என்றால் குளோரின் சிலிண்டர். 1915ல் ஜெர்மானியர்கள் போர்க்களத்தில் எதிரிகள்மீது திறந்துவிட்டார்களே, அதே குளோரின். அளவோடு கலந்தால் குடிநீர். அளவில்லாமல் கசிந்தால் ஆயுதம்.

இதெல்லாம் சில்லறைக் கணக்கு. மொத்த வியாபாரம் தனி. இன்னின்ன ரசாயனத்தை இத்தனை டன்னுக்குமேல் வைத்திருந்தால் அது 'பெருவிபத்து அபாய ஆலை' என்று சட்டமே ஒரு பட்டியல் போட்டுவைத்திருக்கிறது. ஆணையத்தின் கணக்குப்படி அப்படிப்பட்ட ஆலைகள் நாட்டில் சுமார் 1,861. 301 மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. ஆக, இது ஏதோ போபால்காரர்களின் சொந்தப் பிரச்னை இல்லை.

சரி, நூலுக்கு வருவோம். முதலில் பாராட்டு. அரசாங்க அறிக்கைகள் வழக்கமாக நம் பெருமைகளை நாற்பது பக்கம் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். இது அப்படி இல்லை. எங்கெங்கே ஓட்டை என்று நேராகவே பட்டியல் போடுகிறது. ஆஸ்பத்திரிகள் தயாராக இல்லை. விஷமுறிவு மருந்துகளும் விஷத் தகவல் மையங்களும் போதாது. துறைக்குத் துறை பேச்சுவார்த்தை இல்லை. சாலையில் ஓடும் டேங்கர் லாரிகளும் ஆபத்துதான். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். ஆலைக்குள்ளே ஒரு திட்டம், ஆலைக்கு வெளியே ஒரு திட்டம், மாவட்டத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, தேசத்துக்கு ஒன்று என்று படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். அறிவுள்ளவர்கள் எழுதிய நூல். சந்தேகமே இல்லை.

அப்புறம் என்ன குறை? அதைச் சொல்ல போபால்வரை போய்வரவேண்டும்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு. யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட். தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கவேண்டிய கருவி சில மாதங்களாகவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்துவிடவேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். செலவைக் குறைத்தார்கள், ஜனங்கள் செத்தார்கள். மாநில அரசு உறுதிசெய்த கணக்கு 3,787. பிற்பாடு மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டில் சொன்ன கணக்கு 5,295. பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் சொல்வது இதைப்போலப் பல மடங்கு.

அதிகம் பேசப்படாத இன்னொரு கதை உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் நடந்தது.

ஊருக்கான அபாயச் சங்கு சில நிமிடங்கள் ஊதி, நின்றுவிட்டது. ஊழியர்களுக்கு மட்டும் உள்ளே மெதுவாக ஒலித்துக்கொண்டிருந்தது. ஊரை வீணாகக் கலவரப்படுத்தக் கூடாதாம். மறுபடி முழுச்சங்கு ஊதியபோது, குடிசைகளில் ஜனங்கள் இருமிக்கொண்டு எழுந்து ஓட ஆரம்பித்திருந்தார்கள். எந்தப் பக்கம் ஓடுவது? யாருக்குத் தெரியும்? பலர் காற்று வீசிய திசையிலேயே ஓடினார்கள். வாயுவும் கூடவே வந்தது. ஓட ஓட மூச்சு வாங்கும். மூச்சு வாங்க வாங்க விஷம் உள்ளே போகும். ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தவர்களைப் பார்த்த டாக்டர்களுக்கு, வந்திருப்பது என்ன வாயு என்பதுகூடத் தெரியாது.

அந்த வாயு தண்ணீரோடு வினைபுரியக்கூடியது. ஒரு துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே நகர்ந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்று பின்னால் நிபுணர்கள் எழுதினார்கள். பின்னால்!

ஓர் ஈரத்துணி. அரைக்கால் பைசா செலவில்லை. சொல்ல ஆள் இல்லை.

எச்சரிக்கவே ஆளில்லாமல் போனது என்றும் சொல்லிவிட முடியாது. 1981 டிசம்பரிலேயே அந்த ஆலையில் ஃபாஸ்ஜீன் வாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற போபால் பத்திரிகையாளர் விடாமல் தோண்டினார். தம் சின்ன வாரப் பத்திரிகையில் 1982லிருந்து எழுதினார். ஊர் எரிமலையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று கத்தினார். வாசித்தவர்கள் கொஞ்சம் பேர். கேட்டுக்கொண்டவர்கள் அதிலும் கொஞ்சம்.

அதற்கப்புறம் நாம் பாடம் படிக்காமல் இல்லை. படித்தோம். நன்றாகவே நோட்ஸ் எடுத்தோம். 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் திருத்தம். 1989ல் ஆபத்தான ரசாயனங்களைத் தயாரிப்பது, சேமிப்பது பற்றிய விதிகள். 1991ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். 1996ல் ரசாயன விபத்து விதிகள். 2004 சுனாமிக்குப் பிறகு, 2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம். 2007ல் நம் கையிலிருக்கும் இந்த நூல். அலமாரி நிறைந்துவிட்டது.

இதில் 1996 விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சுவாரசியமான சரக்கு அங்கேதான் இருக்கிறது.

நான்கு மாடிக் கட்டடம். மேலே மத்திய நெருக்கடிக் குழு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும். அதற்குக் கீழே தலைமைச் செயலாளர் தலைமையில் மாநிலக் குழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதற்குக் கீழே கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு. 45 நாளுக்கு ஒருமுறை. தரைத்தளத்தில் உள்ளூர் நெருக்கடிக் குழு. மாதாமாதம். ஆபத்துக்கு நெருங்க நெருங்க, அடிக்கடி கூடவேண்டும். யாரோ யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்.

உள்ளூர்க் குழுவில் யார் யார்? கோட்ட அளவிலான அதிகாரி, தொழிற்சாலை ஆய்வாளர், ஆலைக்காரர்கள், லாரிக்காரர்கள், தீயணைப்பு அதிகாரி, போலீஸ் ஸ்டேஷன் அதிகாரி, ஆரம்ப சுகாதார நிலையத்து ஆள், பஞ்சாயத்துத் தலைவர், ஊரில் பேர்பெற்ற இரண்டு டாக்டர்கள், இரண்டு சமூக சேவகர்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியருக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதாவது, கேஸ்வானிக்கு. பன்னிரண்டு வருஷம் தாமதமாக. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் குழு முழு அளவில் ஒத்திகை நடத்தி மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பவேண்டும்.

மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் இப்படியொரு குழு இருப்பதாக என்றைக்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதன் கூட்டம் எங்கே நடக்கிறது, யார் தலைவர், கடைசி ஒத்திகை எப்போது? ம்ஹும்.

1989 விதிகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. என்ன ஆபத்து, எப்படித் தப்பிப்பது, செய்யவேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன என்பதையெல்லாம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆலை நடத்துபவர் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். கறுப்பு மையில் அச்சாகியிருக்கிறது. ஈரத்துணி சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால் ஏழு வருஷம் கழித்து வந்த 1996 விதியில் குழுக்கள் பொதுமக்களுக்குத் தகவல் தரும் இடத்தைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தகவல் தருவார்கள். கேட்டால்.

குழு இருப்பதே தெரியாதவன் குழுவிடம் போய் எப்படி சார் கேட்பான்?

இந்தக் காகிதங்களெல்லாம் பரீட்சை எழுதிய நாள் 2020 மே 7. விசாகப்பட்டினம். எல்ஜி பாலிமர்ஸ் ஆலை. 1961ல் வேறு பெயரில் ஆரம்பித்தபோது ஊருக்கு வெளியே இருந்தது. நம் ஊர்களில்தான் ஆலை நகராது, ஊர் நகருமே. சுவரை ஒட்டி ஆர்.ஆர். வெங்கடாபுரம் வந்துவிட்டது. தொட்டியில் ஸ்டைரீன். டி.வி. பெட்டியோடு வருகிற தெர்மாகோலுக்கு அதுதான் மூலப்பொருள். எப்போதும் குளிர்ச்சியாக வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் தானாகவே சூடேறிக் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஊரடங்கில் ஆலை மூடிக் கிடந்தது. அதிகாலை மூன்று மணி வாக்கில் வாயு வெளியே வந்தது. பைக்கில் தப்பிக்கப் பார்த்தவர்கள் நடுரோட்டில் சுருண்டு விழுந்தார்கள். 12 பேர் இறந்துபோனார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில்.

ஆந்திர அரசு போட்ட உயர்மட்டக் குழு ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அதைப் படிக்கும்போது பழைய சினிமாவை மறுபடி பார்ப்பதுபோல் இருக்கும். குளிரூட்டும் கருவியை சரியாக ஓட்டவில்லை. கொதிப்பை அடக்கும் ரசாயனம் போதுமான கையிருப்பில் இல்லை. தொட்டியின் அடியில் மட்டும்தான் வெப்பமானி. மேலே கொதித்தது அதற்குத் தெரியவே தெரியாது. முக்கியமான சங்கதி இனிமேல்தான். அபாயச் சங்கை முடுக்குவதற்கு அந்த ஆலையில் 36 இடங்களில் வசதி இருந்தது. வாசல் கேட் உள்பட. ஒன்றைக்கூட ஒருவரும் அழுத்தவில்லை.

போபாலில் சங்கு ஊதி நின்றது. 36 வருஷம் கழித்து ஊதவே இல்லை. இதற்குப் பெயர் முன்னேற்றமா?

அப்புறம் நடந்ததையும் கவனியுங்கள். கொதிப்பை அடக்கும் அந்த ரசாயனத்தை குஜராத்திலிருந்து விமானத்தில் கொண்டுவந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ரசாயன நிபுணர்கள் புனேயிலிருந்து பறந்து வந்தார்கள். வந்தவர்கள் நன்றாகத்தான் வேலை பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ஒரு துறைமுக நகரம், சுற்றிலும் ரசாயன ஆலைகள், தொட்டியில் ஸ்டைரீன். அதற்கு மாற்று அரபிக்கடல் பக்கத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது என்றால் நாம் எதைத் திட்டமிட்டு வைத்திருந்தோம்?

ஊரடங்குக்குப் பிறகு ஆலைகளை ஜாக்கிரதையாகத் திறப்பது எப்படி என்று தேசிய ஆணையம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல வழிகாட்டுதல். தேதி மே 9. வாயு கசிந்து இரண்டாம் நாள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். இந்த மாதிரி விபத்தில் ஓர் உயிர் போனால் உடனடி நிவாரணம் எவ்வளவு என்று 1991 காப்பீட்டுச் சட்டத்தில் ஓர் எண் இருந்தது. 25,000 ரூபாய். 2020லும் அதே 25,000தான். இடையில் தங்கம் எங்கே போனது, அரிசி எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். விசாகப்பட்டினத்தில் மாநில அரசு அறிவித்தது தலைக்கு ஒரு கோடி. கொடுத்தது நல்லதுதான். ஆனால் சட்டத்தில் 25,000, மேடையில் ஒரு கோடி என்றால் நடுவில் இருப்பது திட்டம் இல்லை. அன்றைய தினத்து மனசு. அடுத்த ஊரில் அடுத்த விபத்து நடக்கும்போது மனசு எப்படி இருக்குமோ.

ஆந்திராவைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 2023 டிசம்பர் 26. சுனாமி வந்த அதே தேதி. நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடல் வழியாக அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. நெடியில் மூச்சு முட்டி எழுந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மீனவ ஜனங்களுக்கு சுனாமி எச்சரிக்கை என்றால் என்ன செய்யவேண்டும் என்று இப்போது தெரியும். அமோனியா என்றால்? வாசலிலேயே குழாய் போகிறது.

இப்போது நூலின் குறையைச் சொல்லிவிடலாம். இது யாருக்காக எழுதப்பட்டது என்பதுதான் குறை. அமைச்சகத்துக்கு அமைச்சகம், துறைக்குத் துறை, குழுவுக்குக் குழு எழுதிக்கொண்ட கடிதம் மாதிரி இருக்கிறது. ஒருங்கிணைக்கப்படும். உறுதிசெய்யப்படும். வலுப்படுத்தப்படும். எல்லாமே 'படும்'. செய்யாவிட்டால் யாரைக் கேட்பது? அதற்கு நூலில் இடமில்லை. வழிகாட்டிதானே, தண்டனைச் சட்டமா என்பார்கள். இருக்கட்டும். தேசியத் திட்டம் ஒன்று வேண்டும் என்று 2005ல் சட்டமே சொன்னது. 2013ல் தணிக்கை அதிகாரி, எங்கே அந்தத் திட்டம் என்று அறிக்கையில் கேட்டார். வெளியானது 2016 ஜூன் 1ஆம் தேதி. ஆபத்து மட்டும் பதினொரு வருஷம் வரிசையில் நிற்குமா?

பொதுமக்களுக்கு விழிப்புணர்வு தேவை என்று நூலும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் விழிப்புணர்வு பெறவேண்டியவன் படிக்கும்படி ஒரு பக்கம் கிடையாது. மூலம் ஆங்கிலத்தில். வெங்கடாபுரத்துக்காரருக்கு தெலுங்கில் நான்கு வரி போதும். பக்கத்தில் இருப்பது ஸ்டைரீன். சங்கு இப்படி ஊதும். காற்று எந்தப் பக்கம் என்று பார். குறுக்கே போ. இந்த நான்கு வரிக்குக் குழு வேண்டாம். மாநாடு வேண்டாம்.

எல்லா ஊருக்கும் ஒரே நோட்டீஸ் அடித்துவிடலாமே என்றால், அதுவும் முடியாது. அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். அதற்கு ஈரத்துணி உதவும். ஸ்டைரீன் தண்ணீரில் கரைவது சொற்பம். அங்கே ஈரத்துணியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அதனால்தான் ரசாயனத்தின் பெயர் தெரிந்திருக்கவேண்டும் என்கிறேன். பெயர் தெரியாதவனுக்கு எந்தத் திட்டமும் உதவாது.

ஜனங்களுக்குச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அமெரிக்காவைப் பாருங்கள். போபால் நடந்து எட்டே மாதத்தில், 1985 ஆகஸ்டில், அதே கார்பைடின் மேற்கு வர்ஜீனியா ஆலையில் ஒரு கசிவு. விழித்துக்கொண்டார்கள். எந்த ஆலையில் என்ன ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று அறிவதற்கு அக்கம்பக்கத்தாருக்கு உரிமை உண்டு என்று 1986ல் சட்டம் போட்டார்கள். ஊருக்கு ஊர் திட்டக்குழுவும் அதே சட்டத்தில் வந்தது. அங்கேயும் விபத்துகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் பெயர் தெரிந்து பயப்படுகிறார்கள். செத்தது நம் ஆட்கள். தெரிந்துகொள்ளும் உரிமை முதலில் கிடைத்தது அவர்களுக்கு.

நம்மிடம் வசதி இல்லாமல் இல்லை. 2023ல் உங்கள் செல்போன் திடீரென்று அலறி, பரிசோதனைச் செய்தி என்று திரையில் ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் இருக்கும் அத்தனை போனையும் ஒரே நேரத்தில் அலறவைக்கும் தொழில்நுட்பம் அது. ஆனால் அலறல் கேட்டு எழுந்தவன் அடுத்து என்ன செய்வான்? முன்னமே சொல்லிவைத்திருந்தால்தானே?

சினிமா விமர்சனம் என்றால் கடைசியில் மார்க் போடுவது வழக்கம். இந்த நூலுக்கும் போட்டுவிடலாம். கதை, வசனம், திட்டம் எல்லாவற்றுக்கும் தாராளமாக எழுபது. விநியோகத்துக்கு முட்டை. பார்க்கவேண்டியவர்கள் இருக்கிற ஊரில் படம் ரிலீஸே ஆகவில்லை.

ரிலீஸ் பண்ணும் வேலையை நாம்தான் செய்யவேண்டும் போலிருக்கிறது. விதியில் 'கேட்டால்' என்று எழுதியிருக்கிறார்கள் அல்லவா? கேட்டுவிடுவோம். தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் செலவு. கலெக்டர் அலுவலகத்துக்கு நான்கே கேள்வி. எங்கள் வட்டாரத்தில் எந்த ஆலையில் என்ன ரசாயனம் இருக்கிறது? உள்ளூர் நெருக்கடிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள்? ஆலைக்கு வெளியே உள்ளவர்களுக்கான ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது? சங்கு ஊதினால் நாங்கள் எந்தப் பக்கம் போகவேண்டும்?

முதல் மூன்றுக்கும் பதில் வரும். தாமதமாகவாவது வரும். நாலாவது கேள்விக்கு என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். அது காலியாக இருந்தால், அலமாரியில் உள்ள மற்ற எல்லாப் புத்தகங்களும் காலிதான்.